இகுசா: நீளத் தண்டின் நெசவு

2001 ஏப்ரல் 23 அன்று ஜப்பான் அரசு, சீனாவிலிருந்து வரும் மூன்று விளைபொருள்களுக்கு அவசர இறக்குமதிக் கட்டுப்பாடு விதித்தது. முதலாவது, வெங்காயத்தாள் வகையைச் சேர்ந்த நெகி. இரண்டாவது, ஷீதாக்கே காளான். மூன்றாவது, பாய் நெய்யும் புல். இரண்டு மாதம்கூட ஆகவில்லை; ஜப்பானியக் கார், கைபேசி, ஏ.சி. ஆகியவற்றின் மீது நூறு சதவீதத் தனி வரி விதித்துச் சீனா பதிலடி கொடுத்தது. இருநூறு நாள் கட்டுப்பாடு நவம்பரில் முடிந்தது. அதை நீட்டிக்க ஜப்பான் முன்வரவில்லை. டிசம்பரில் இரு நாடுகளும் சமரசம் செய்துகொண்டன. கார் ஏற்றுமதி பிழைத்தது. புல் விவசாயிகள் ஒவ்வொருவராக வயலை விட்டு வெளியேறினார்கள்.

அந்தப் புல்லின் பெயர் இகுசா. ஜப்பானிய வீட்டின் தரையை மூடும் ததாமியின் மேற்பாய் இதனால் ஆனது. அறையின் பரப்பை இத்தனை ததாமி என்று எண்ணிச் சொல்வது அங்கே இன்றும் உள்ள வழக்கம். நாராவின் ஷோசோயின் கருவூலத்தில் எட்டாம் நூற்றாண்டுப் பேரரசர் ஷோமுவின் படுக்கைப் பாய் எஞ்சியிருக்கிறது. ஹெயான் காலத்தில் உயர்குடியினர் அமரும் இடத்தில் மட்டும் ததாமி இட்டார்கள். முரோமாச்சி காலத்தில் அது சுவரிலிருந்து சுவர்வரை பரவி, பாய் என்ற நிலையிலிருந்து தரையாகவே மாறியது. மேசையும் கட்டிலும் இல்லாத அறை, கதவருகே கழற்றி விடப்படும் காலணி, முழந்தாளிட்டு அமரும் முறை, தேநீர்ச் சடங்கு எல்லாம் இந்தத் தரையை நம்பி வளர்ந்தவை.

இன்று ஜப்பானில் கட்டப்படும் வீடுகளில் ததாமி அறை ஒன்று இருந்தால் பெரிது. அந்த ஒன்றிலும் காகித நூலால் நெய்த பாயோ பிசின் இழைப் பாயோ இடம்பிடித்துவிடுகிறது. இகுசா நெசவை மீட்கும் பொறுப்பு இப்போது வடிவமைப்பாளர்கள், கலைஞர்கள் தோளில் ஏறியிருக்கிறது. கண்காட்சி அரங்குகளில் இகுசாவால் ஆன சிற்பங்களும் விளக்குகளும் பைகளும் தென்படுகின்றன. இந்த முயற்சிகளை மதிக்கிறேன். ஆனால் எது நெசவை மீட்கிறது, எது நெசவின் தோற்றத்தை மட்டும் காப்பாற்றுகிறது என்று பிரித்துப் பார்க்காமல் இவற்றை மதிப்பிட முடியாது. அந்த வேறுபாட்டைக் காண வயலில் இருந்து தொடங்க வேண்டும்.

கியூஷூ தீவின் மேற்குக் கரையில், குமமோட்டோ மாகாணத்தில் இருக்கிறது யாட்சுஷிரோ சமவெளி. ஜப்பானில் விளையும் இகுசாவில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் இங்கிருந்துதான் வருகிறது. 1505இல் இப்பகுதிச் சிற்றரசர் இவாசாகி தடஹிசா மக்களுக்கு இதைப் பயிரிடக் கற்றுக்கொடுத்தார் என்பது ஊர் வழக்கு. இகுசா, நெல் வயலில் வளரும் குளிர்காலப் பயிர். நவம்பர், டிசம்பரில் நீர் கட்டிய சேற்றில் நடுகிறார்கள். விதை தூவி வளர்ப்பதில்லை. பழைய தூரைப் பிரித்து, அதை நாற்றாக்கி, மீண்டும் பிரித்து நடுகிறார்கள். மே மாதம் நுனிகளை வெட்டி விடுவார்கள். வெயில் அடித்தூருக்குள் இறங்க, புதுத் தண்டுகள் கிளம்பும். அவை சாயாமல் இருக்க வயல் முழுக்க வலை கட்டி, தண்டு உயர உயர வலையையும் உயர்த்துவார்கள். ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் அறுவடை. தண்டு வதங்காமல் இருக்க அதிகாலையிலோ வெயில் தாழ்ந்த பிறகோதான் அறுப்பார்கள்.

அறுத்த தண்டை அப்படியே உலர்த்துவதில்லை. களிமண் கரைத்த நீரில் முக்கி எடுத்து, பிறகு சூட்டறையில் இரவு முழுக்கக் காயவைக்கிறார்கள். தண்டைச் சுற்றி மண் ஒரு மெல்லிய பூச்சாகப் படிகிறது. உலர்தல் சீராக நடக்கிறது, பச்சை நிறம் நிற்கிறது, புதுப் பாய்க்கே உரிய அந்த மணம் இந்த மண்ணோடு சேர்ந்துதான் உருவாகிறது. அவாஜி தீவின் மண் இதற்குப் பேர்போனது. தண்டின் உள்ளே பஞ்சு போன்ற சோறு இருக்கிறது. ஈரக் காற்றில் அது ஈரத்தை உறிஞ்சும், வறண்ட காற்றில் வெளிவிடும். மழையும் புழுக்கமும் மிகுந்த நாட்டில் இகுசாத் தரை நிலைத்ததற்கு இந்தச் சோறும் ஒரு காரணம்.

ஒரு ததாமியின் மேற்பாய்க்கு ஏறக்குறைய 4,000 முதல் 7,000 தண்டுகள் வரை செல்லும். பாவு நூல் பருத்தி அல்லது சணல் வகை. ஊடையாகச் செல்வது தண்டு, ஒவ்வொன்றாக. பழைய கைத்தறியில் இருவர் அமர்வார்கள். ஒருவர் குச்சியின் நுனியில் தண்டைப் பிடித்துப் பாவுக்குள் செலுத்துவார், மற்றவர் அச்சை அடித்து நெருக்குவார். விசைத்தறி வந்த பிறகும் அடிப்படை மாறவில்லை. பருத்தியையோ கம்பளியையோ போல இகுசாவை நூற்று நீட்ட முடியாது. பாயின் அகலத்தைத் தீர்மானிப்பது தண்டின் உயரம். தண்டின் அடியும் நுனியும் நிறம் மங்கி, தடிமன் வேறுபட்டு இருக்கும், நடுப்பகுதிதான் அழகு. ஆகவே நல்ல பாய்க்கு, நடுப்பகுதி மட்டுமே பாயின் அகலத்தை நிரப்பும் அளவுக்கு நீண்ட தண்டு வேண்டும். விவசாயியின் ஆண்டு முழுதும், நுனி வெட்டுவதும் வலை உயர்த்துவதும் இரவில் உலர்த்துவதும், அந்த நீளத்துக்காகத்தான். இகுசாவின் விலையும் தண்டின் நீளத்தை ஒட்டியே ஏறும் இறங்கும்.

ஹிரோஷிமா மாகாணத்தின் பிங்கோ பகுதியில் இதற்கு வேறொரு தீர்வு கண்டார்கள். இரண்டு தண்டுகளை இரு பக்கமிருந்தும் செலுத்தி நடுவில் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி நெய்வது அந்த முறை. பாயின் மையத்தில் மெல்லிய பட்டை ஒன்று ஓடும். இரு தண்டுகளின் நல்ல பகுதி மட்டும் வெளியே தெரியும். கோயில்களையும் பழைய மாளிகைகளையும் புதுப்பிக்கும்போது இந்தப் பாய்தான் வேண்டும் என்று கேட்கிறார்கள். 2020இல் ஜப்பானின் மரக்கட்டடப் பாதுகாப்புக் கைத்திறன்கள் பதினேழை யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது ததாமித் தொழிலும் அதில் இடம்பெற்றது.

வடிவமைப்பின் வழியாக இந்தப் புல்லுக்குப் புதுச் சந்தை தேடுவது நம் காலத்து யோசனை அல்ல. ஒகயாமா மாகாணத்தின் குராஷிக்கி அருகே சயாமாச்சி என்ற ஊரில் இசோசாகி மின்கி (1834–1908) என்பவர் வாழ்ந்தார். கொக்குரா என்னும் தடித்த பருத்தித் துணி நெய்த குடும்பத்தவர். மெய்ஜி ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு அந்தத் துணிக்குக் கிராக்கி குறைந்தது. அவருடைய கண் இகுசா பக்கம் திரும்பியது. கடலிலிருந்து மீட்ட உப்பு நிலத்தில் அங்கே பருத்தியும் இகுசாவும் செழித்து வளர்ந்தன. இகுசாவின் பளபளப்பான மேல்தோல் சாயத்தை எளிதில் ஏற்காது. சாயம் ஏற்றும் வழியையும் மிக நெருக்கமாக நெய்யும் தறியையும் பல ஆண்டு முயன்று கண்டுபிடித்து, 1878இல் கின்கான்-என் என்ற வண்ணப் பாயை அவர் நெய்து முடித்தார். பட்டு நெசவின் நுட்பம் புல்லில் வந்தது. கோபே துறைமுகம் வழியாக அது மேலைநாட்டு வீடுகளின் தரைக்குப் போனது. அதைப் பின்தொடர்ந்து ஹனமுஷிரோ என்ற பூப்பாய்த் தொழில் பரவி, மெய்ஜி கால ஜப்பானின் முக்கிய ஏற்றுமதிகளில் ஒன்றாயிற்று. இசோசாகியின் வீடு இன்று நினைவில்லமாக இருக்கிறது.

இசோசாகி செய்தது முழுமையான வடிவமைப்பு வேலை என்றே நான் கருதுகிறேன். வாங்குபவரின் அறையை அறிந்து, பொருளின் முரண்டை அறிந்து, தறியையே மாற்றி அமைத்திருக்கிறார். அழகான பாய் ஒன்றை மட்டும் அவர் செய்திருந்தால் அது ஓர் அருங்காட்சியகத்தோடு நின்றிருக்கும். அவர் கண்ட வழியில் பலர் நெய்ய முடிந்தது, நெய்ததற்குப் பல ஊர் வயல்கள் தண்டு கொடுத்தன.

குராஷிக்கி பின்னர் கைவினைப் பற்றாளர்களின் ஊராகவும் ஆனது. 1930இல் ஓஹாரா மகோசாபுரோ அங்கே கலை அருங்காட்சியகம் தொடங்கினார். யானாகி சோயெட்சு முன்னெடுத்த மிங்கேய் இயக்கம், பெயரற்ற கைவினைஞர் செய்த அன்றாடப் பொருளின் அழகைப் பேசியது. அதன் தொடர்ச்சியாக 1948இல் குராஷிக்கியில் நாட்டுப்புறக் கைவினை அருங்காட்சியகம் திறந்தது. இடையில் 1940இல் ஜப்பான் அரசின் அழைப்பில் வந்த பிரெஞ்சு வடிவமைப்பாளர் ஷார்லோட் பெரியாண்ட், மூங்கிலையும் வடக்குப் பனி நாட்டு உழவர்களின் வைக்கோல் பின்னலையும் நவீன இருக்கைகளுக்குக் கொண்டுவந்து 1941இல் தகாஷிமாயா கடை அரங்கில் காட்சிக்கு வைத்தார். ஏழைப் புல்லும் வைக்கோலும் உயர்ந்த வடிவமைப்புக்குப் பொருள் ஆகலாம் என்ற எண்ணம் அந்த ஆண்டுகளில்தான் வேர் பிடித்தது.

எண்ணம் வேர் பிடித்த அதே ஊரில் பயிர் வேர் அறுந்தது. 1960களில் குராஷிக்கியின் மிசுஷிமா கடற்கரையில் எண்ணெய், இரும்பு ஆலைகள் எழுந்தன. சுற்றியிருந்த வயல்களில் இகுசாவின் நுனி கருகத் தொடங்கியது. ஆலை வேலை கூலியும் கொடுத்தது, காற்றையும் கெடுத்தது. இரண்டுமே உழவரை வயலிலிருந்து விலக்கின. பயிர் குமமோட்டோவுக்குப் போனது. அங்கும் 1980களின் இறுதியில் ஆயிரக்கணக்கில் இருந்த இகுசாக் குடும்பங்கள் இன்று சில நூறாகச் சுருங்கிவிட்டன. சீனத்தின் நிங்போ பகுதியில் ஜப்பானியச் சந்தைக்கென்றே விளைந்த மலிவான பாய் ஒரு காரணம். வீடுகள் மரத்தளத்துக்கு மாறியது இன்னொன்று. தொழில் சுருங்கியதும் நடவு, அறுவடை இயந்திரங்களைச் செய்வதையும் நிறுத்தினார்கள். ஒரு பழைய இயந்திரத்தின் உதிரிப்பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் மாட்டி ஓட்டும் நிலை.

இந்தப் பின்னணியில் இன்றைய முயற்சிகளைப் பார்க்கலாம்.

குராஷிக்கியின் இகாகோ பை இப்போது நாடெங்கும் பேர்பெற்றிருக்கிறது. இகுசாவை முறுக்கிக் கயிறாக்கி, கயிற்றைத் தறியில் ஏற்றிப் பின்னுகிறார்கள். போருக்குப் பின் கள்ளச்சந்தையில் வாங்கிய அரிசியையும் காய்கறியையும் சுமக்கப் பயன்பட்டதால் இருட்டுக்கூடை என்றே இதற்குப் பெயர் இருந்தது. பிளாஸ்டிக் வந்ததும் மறைந்துகொண்டிருந்தது. பூப்பாய் நெய்து 1886 முதல் தொழிலில் இருக்கும் ஒரு குடும்பத்தின் ஐந்தாம் தலைமுறை இளைஞர், பாட்டியிடம் பின்னக் கற்று, பழைய வடிவத்தைப் பெரிதாக மாற்றாமல் அளவையும் கைப்பிடியையும் திருத்தி, இதை நகரக் கடைகளுக்குக் கொண்டுவந்தார். கயிறாகத் திரித்தால் தண்டு எவ்வளவு நீளம் என்பது பெரிய விஷயம் இல்லை. பாய்க்கு ஆகாத குட்டைத் தண்டுக்கும் விலை கிடைக்கிறது. இந்தப் பையின் சிறப்பை அழகில் தேடுகிறவர்கள் அதன் பாதியைத்தான் பார்க்கிறார்கள்.

இதே கணக்கை இன்னும் தூரம் கொண்டுபோனது ஹொனோக்கா என்ற ஜப்பானிய வடிவமைப்புக் குழு. இகுசாவைத் தூளாக்கி, மக்கும் பிசினோடு கலந்து, பெரிய முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் இருக்கை, விளக்கு, செடித்தொட்டி ஆகியவற்றை அச்சிட்டார்கள். 2023இல் மிலான் நகரின் சலோனே சதேல்லித்தே அரங்கில் இளம் வடிவமைப்பாளர்களுக்கான முதல் பரிசு இதற்குக் கிடைத்தது. இழையாக இறங்கும் கலவை வளைந்து வளைந்து வலைபோல அமைவதால் பார்வைக்கு நெய்தது போலவே இருக்கிறது. கழிவையும் பழைய பாயையும் பொருளாக்கும் வழி என்ற அளவில் இதை வரவேற்கிறேன். நெசவின் மறுமலர்ச்சி என்று இதை அழைக்க எனக்கு மனம் வரவில்லை. தூளுக்கு நீளத் தண்டு தேவையில்லை, மண் குளியல் தேவையில்லை, வலை உயர்த்தும் கை தேவையில்லை. உழவரின் ஓராண்டு உழைப்பில் எது அருமையோ அதற்கு இங்கே விலை இல்லை.

கிஃபு மாகாணத்து ததாமிக் கடை ஒன்று எதிர்த்திசையில் சென்றிருக்கிறது. நெய்த இகுசாவில் ஒளி படும் திசையைப் பொறுத்து நிறம் மாறித் தெரியும். ஒரே பாயை ஜன்னலுக்கு நேராக இட்டால் வெளிறியும் குறுக்காக இட்டால் கருத்தும் தோன்றும். சதுர அறைகளில் ததாமியை மாற்றி மாற்றி இடும்போது தரை சதுரங்கப் பலகை போலத் தெரிவது இதனால்தான். இரு நிறப் பாய் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த ஒரு பண்பை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒழுங்கற்ற பலகோணத் துண்டுகளாக ததாமி செய்து, ஒவ்வொன்றையும் வெவ்வேறு திசையில் பொருத்துகிறார்கள். சாயமே இல்லாமல் தரை முழுக்க ஓர் ஓவியம் விரிகிறது. கோயில் அறை ஒன்றில் பறவைநாகத்தின் உருவத்தையே இப்படி இட்டிருக்கிறார்கள். பகல் நகர நகர அது நிறம் மாறும். தண்டு சீராக இல்லாவிட்டால் இந்த விளையாட்டு நடக்காது. பிசின் பாயில் ஒளியின் ஆட்டத்தை ஓரளவு போலி செய்யலாம். இயற்கைத் தண்டின் நுண்ணிய நிற வேறுபாட்டைச் செய்ய முடியாது. நீளத் தண்டைக் கேட்கும் வடிவமைப்பு இது.

ஃபுகுவோக்கா மாகாணத்தின் சிகுகோ பகுதியில் பூப்பாய் இன்றும் தொழிலாகவே நடக்கிறது. சாயமிட்ட தண்டில் கோடும் கட்டமும் பூவும் நெய்து கோடைக்கால விரிப்பு, தியான இருக்கை, குழந்தைப் படுக்கை என்று விற்கிறார்கள். கலைக்கூடங்களில் இதற்கு அதிகப் பேச்சில்லை. ஆனால் வயலில் இருந்து டன் கணக்கில் தண்டு வாங்குவது இந்த அமைதியான தொழில்தான். வடிவமைப்பு விருதுகளின் பட்டியலை மட்டும் பார்த்து மறுமலர்ச்சியை அளப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

இவை எல்லாவற்றையும் விடக் கூர்மையான பாடம் ஓயிதா மாகாணத்தின் குனிசாக்கி தீபகற்பத்தில் இருக்கிறது. அங்கே விளைவது இகுசா அல்ல, ஷிச்சிதோயி. இகுசா உருண்டைத் தண்டு. ஷிச்சிதோயி முக்கோணத் தண்டு. தாவரவியலில் இது சைப்பெரஸ் பேரினம், அதாவது நம் ஊர்க் கோரையின் நெருங்கிய உறவு. தடித்த தண்டை நீளவாக்கில் பிளந்து, உலர்த்தி, பிறகு நெய்கிறார்கள். பத்தமடையிலும் தண்டைக் கிழித்தே பட்டுப்பாய் நெய்கிறார்கள் என்பதைத் தமிழ் வாசகர் அறிவார். அங்கே நோக்கம் மென்மை, இங்கே உறுதி. ஷிச்சிதோயிப் பாய் அவ்வளவு எளிதில் தேயாது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கின் ஜூடோ அரங்கில் இதைத்தான் விரித்தார்கள். ஓரத்தில் துணிக்கரை இல்லாமலே மடித்துக் கட்டலாம் என்பது இதன் இன்னொரு வலிமை.

அந்தக் கரையற்ற சதுர ததாமியின் எளிய தோற்றம் கட்டடக் கலைஞர்களுக்குப் பிடித்துப்போனது. புதுக் குடியிருப்புகளிலும் விடுதிகளிலும் அதையே கேட்கிறார்கள். ஆனால் இன்று அப்படி இடப்படும் பெரும்பாலானவை இகுசா அல்லது காகித நூல் அல்லது பிசின். ஷிச்சிதோயியின் உறுதியால் பிறந்த வடிவம் ஊரெங்கும் பரவியது. ஷிச்சிதோயி பயிரிடுவோர் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிட்டார்கள். வடிவமைப்பு வென்று தாவரம் தோற்ற இந்தக் கதையை, இகுசாவுக்கு விருது வாங்கித்தரும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

குனிசாக்கி இப்போது திரும்பி எழ முயல்கிறது. 2013இல் இத்தீபகற்பத்தின் குளங்களும் காடும் வயலும் சேர்ந்த வேளாண் முறையை உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு ஏற்றது. 2016இல் குனிசாக்கிப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வெளியூரிலிருந்து குடிவந்த இளையவர்கள் மே மாதம் கையால் நட்டு, கோடையில் அறுத்து, பிளந்து, உலர்த்தி, குளிர்காலத்தில் தாங்களே நெய்கிறார்கள். பாய்க்கு உதவாத துண்டுகள் காதணியாகவும் செருப்பாகவும் வட்ட இருக்கையாகவும் ஆகின்றன. நட்டவரே நெய்பவர் என்பதால், ஒரு கட்டடக் கலைஞர் புதிய நெசவு வகை ஒன்றைக் கேட்டால், அதற்கு ஏற்ற தண்டை எப்படி வளர்ப்பது என்ற யோசனை வயலிலேயே தொடங்குகிறது. யாட்சுஷிரோவிலும் இகுசா விவசாயிகள் பலர் தங்கள் வீட்டுத் தறியில் தாங்களே நெய்து விற்கிறார்கள். அங்கே பாயோடு சேர்ந்து வரும் கியூஆர் சீட்டை ஸ்கேன் செய்தால் விளைவித்தவரின் பெயரைப் பார்க்கலாம்.

அந்தச் சீட்டைத் தாண்டி வடிவமைப்பாளர் அடுத்த அடி எடுத்து வைக்க வேண்டும் என்பது என் வாதம். இப்போது அவர்கள் அறுவடைக்குப் பிறகு சந்தைக்கு வந்து, கிடைக்கும் தண்டில் தங்களுக்கு வேண்டியதை எடுக்கிறார்கள். விவசாயியோ எத்தனை வயலில் இகுசா, எத்தனையில் கோஸ் அல்லது தக்காளி என்பதை அதற்கு ஓராண்டு முன்பே முடிவுசெய்துவிடுகிறார். நாற்றுக்குத் தூர் பிரிக்கும் வேலை கோடையிலேயே தொடங்கிவிடும். தூர் வழியாகவே பெருகும் பயிர் என்பதால், குமமோட்டோ ஆய்வு நிலையம் மெல்லிய நீளத் தண்டுக்கென உருவாக்கிய ஹினோமிதோரி போன்ற ரகம் ஆண்டுதோறும் யாராவது ஒருவரின் வயலில் நடப்பட்டால்தான் உயிரோடிருக்கும். ஓவியமாக விரியும் தரையோ அரங்கை நிறைக்கும் சிற்பமோ திட்டமிடுகிறவர் ஜூலைக்குக் காத்திருக்காமல், முந்தைய ஆண்டின் கோடையிலேயே ஒரு விவசாயியைத் தேடிப் போய், எத்தனை சென்டிமீட்டர் தண்டு, எத்தனை கட்டு என்று பேசி முன்பணம் கொடுக்கலாம். குனிசாக்கியில் அந்தப் பேச்சு மே நடவுக்கு முன் நடக்க வேண்டும். யாட்சுஷிரோவில் நவம்பருக்கு முன்.